பையைப் பார்த்துக்கொள்வது யார்?

மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு என்று கோடையில் அமெரிக்கா கிளம்பும் குடும்பங்கள் இப்போது நிறைய. போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆவதற்குள் பேரப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: “டிஸ்னி வேர்ல்டு எப்போ போறோம்?”

முதல்முறை போகிறவர்களுக்கு டிக்கெட், ஹோட்டல், எந்த ரைடு சூப்பர் என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எல்லோரும் ரைடில் ஏறும்போது பைகளோடு பெஞ்சில் உட்காரப்போவது யார்?

பதில் உங்களுக்கே தெரியும். அம்மா, இல்லாவிட்டால் பாட்டி. “நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலை சுத்தும்” என்று அவரே சொல்லிவிடுவார். நாமும் நிம்மதியாகப் பைகளைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவோம். சாயங்காலம் கணக்குப் பார்த்தால், அத்தனை டாலர் கொடுத்து அவர் பார்த்தது ஏழெட்டு பெஞ்சுகள்!

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். உள்ளே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று 4 தீம் பார்க்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால், வண்டியை நிறுத்திவிட்டு மோனோரயில் அல்லது படகு பிடித்துத்தான் வாசலுக்கே போக முடியும். எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஒரு சுற்று நடந்தாலே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் முதலில் ஓய்வது பெரியவர்களின் கால்தான்.

அதனால் பட்டியல் போடும்போதே பாட்டியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். உயர வரம்பு இல்லாத, தலை சுற்றாத ரைடுகள் அங்கே ஏராளம். ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ மெதுவாகப் போகும் படகு. இருபக்கமும் பல நாட்டுப் பொம்மைகள் ஆடிப்பாடும். நம் கொலு ரசிகைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். ‘பீப்பிள்மூவர்’ உயரமான பாதையில் நிதானமாகச் சுற்றிவரும் வண்டி. நகரும் பட்டையில் கால் வைத்து ஏற வேண்டும், அவ்வளவுதான். அது ஸ்பேஸ் மவுன்டன் கட்டடத்துக்குள்ளும் புகுந்து போகும். இருட்டில் அலறுவது நம் வீட்டுப் பேரனா என்று பாட்டி காது கொடுத்துக் கேட்கலாம்!

அனிமல் கிங்டமில் திறந்த லாரியில் போய் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் பார்க்கலாம். கொஞ்சம் குலுக்கும், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். அவர்களுக்குப் புலிகளைப் பார்த்தபடி நடக்கும் ‘மகாராஜா ஜங்கிள் ட்ரெக்’ இருக்கிறது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பெஞ்சு அம்மாவுக்குத்தான். ஸ்பேஸ் மவுன்டனில் ஏற 112 செ.மீ. உயரம் வேண்டும், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ. வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள், அங்கே போய் அழுகை வேண்டாம். உயரம் போதாவிட்டால் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அப்பா போய்வரும்வரை அம்மா குழந்தையோடு வெளியே இருக்கலாம். பிறகு அப்பா குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் அம்மா ஏறலாம். காசு கிடையாது. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் முன்னாடியே கேட்டால் போதும்.

பைகளையும் குறையுங்கள். பெரும்பாலான ரைடுகளில் சின்னப் பையைக் காலடியிலேயே வைத்துக்கொள்ளலாம். பெரிதாக இருந்தால் வாடகை லாக்கர் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் அனுமதிக்கிறார்கள். கண்ணாடிப் பாட்டில் மட்டும் கூடாது. எலுமிச்சை சாதமும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டால் பாட்டிக்கு எங்கே சைவம் கிடைக்கும் என்று அலைய வேண்டாம். கவுன்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்.

கோடையில் மதியத்துக்கு மேல் அங்கே இடி மின்னலோடு மழை வருவது சகஜம். அப்போது வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் ரூமுக்குப் போய்த் தூங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் மாலையில் திரும்ப வரலாம். அப்போதுதான் ராத்திரி வாணவேடிக்கை வரை பெரியவர்களும் தெம்பாக இருப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். காலையிலேயே எடுத்துவிடுங்கள். “இன்னும் வயசாகலை” என்று ரோஷப்படுவார்கள்; “பையை வச்சுக்கத்தான்” என்று சொல்லிப் பாருங்கள்!

குழந்தைகள் வளர்ந்து இன்னொரு தடவை போவார்கள். பாட்டிக்கு இது ஒரே தடவையாக இருக்கலாம். கிளம்பும் முன் ராத்திரி சாப்பாட்டின்போது அவரிடம் கேளுங்கள்: “நாளைக்கு நீங்க எதைப் பார்க்கணும்?” “எதுவா இருந்தா என்ன” என்பார். விடாதீர்கள். போனில் நாலு படம் காட்டி மறுபடி கேளுங்கள். அவர் கைகாட்டும் இடத்துக்கே முதலில் போங்கள்.