நாற்றங்காலை அழித்துவிட்டு அறுவடையா?

மான்செஸ்டர் என்ற பெயர் நமது பஞ்சாலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரைத் 'தென்னாட்டு மான்செஸ்டர்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் அசல் மான்செஸ்டரில் இன்று ஆலைச் சங்கு கேட்பதில்லை. நூற்புக் கதிர்கள் போயின; தறிகள் போயின. பழைய ஆலைகளும் கிடங்குகளும் வீடுகளாகவும் ஓட்டல்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் அந்த நகரம் இன்னும் ஒரு சரக்கை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அது பாட்டு!

சாயங்காலம் ஆனதும் அங்கே சிறு அரங்குகளின் கதவு திறக்கிறது. நூறு பேர், இருநூறு பேர், மிஞ்சினால் முந்நூறு பேர் நிற்கக்கூடிய இடங்கள். வாசலில், வரப்போகும் கச்சேரிகளின் சுவரொட்டிகள். பகலெல்லாம் கடையிலோ கிடங்கிலோ வேலை செய்த வாலிபர்கள் கிதாரும் டிரம்முமாக மேடை ஏறுகிறார்கள். தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடுகிறார்கள். இதை 'இண்டி' இசை என்கிறார்கள். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவில் நில்லாத சுயேச்சை இசை என்பது பொருள்.

அந்த அரங்குகளுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 'சீமையில் பாட்டு மேடை மூடினால் நமக்கு என்ன?' என்று சில நண்பர்கள் கேட்கலாம். நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு என்று நாம் சொல்லுகிறோம்.

ரத்தம் சிந்திய மண்

1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டரில் புனித பீட்டர் மைதானம். ஓட்டுரிமை கேட்டு சுமார் 60,000 ஜனங்கள் திரண்டார்கள். கைத்தறி நெசவாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அவர்கள்மீது குதிரைப் படை பாய்ந்தது. 18 பேர் மாண்டார்கள். அதுதான் பீட்டர்லூ படுகொலை.

அந்த மண்ணில் பின்னால் ஒரு மண்டபம் எழுந்தது. 'ஃப்ரீ டிரேட் ஹால்' என்று பெயர். 1862 டிசம்பர் 31ந் தேதி, அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலைகள் மூடி, ஜனங்கள் பட்டினி கிடந்த நேரத்தில், அங்கே கூடியவர்கள் அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். பஞ்சு வந்தால் தங்கள் அடுப்பு எரியும் என்று தெரிந்தும், அடிமையின் பக்கம் நின்றார்கள். லிங்கன் 1863 ஜனவரியில் அவர்களுக்குப் பதில் எழுதினார்.

அதே கட்டிடத்தின் சிறிய கூடத்தில், 1976 ஜூன் 4ந் தேதி 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழு பாடியது. டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். ஏற்பாடு செய்தவர்கள் இரண்டு மாணவர்கள். 'இப்படி நம்மாலும் பாட முடியுமே!' என்ற துணிவோடு ஜனங்கள் வெளியே வந்தார்கள். அந்தக் கூடத்தில் நின்றவர்களிலிருந்துதான் பின்னால் 'ஜாய் டிவிஷன்' போன்ற குழுக்கள் தோன்றின.

ஏற்பாடு செய்த அந்த இருவர் 'பஸ்காக்ஸ்' என்ற குழுவைக் கட்டினார்கள். எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கவில்லை. தெரிந்தவர்களிடம் 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே ஒரு இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் 1,000 பிரதிகள். விற்று முடிந்தது, மேலும் அச்சிட்டார்கள். கம்பெனி முதலாளி இல்லாமல் இசைத்தட்டு வரும் என்பதை இந்த ஒரு செயல் ஆயிரம் வாலிபர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. பிரிட்டனில் 'இண்டி' என்ற சொல்லுக்கு வலு வந்தது இப்படித்தான்.

நாற்பது பேர் நின்ற கூடம்! விதை விழுந்த இடம் அவ்வளவுதான். அந்த மண்டபம் இன்று ஓட்டல்.

யாருடைய லாபம்?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்.

'ஓயாசிஸ்' குழுவின் சகோதரர்கள் மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில், நகரசபை கட்டிக்கொடுத்த வாடகை வீட்டில் வளர்ந்தவர்கள். அந்தக் குழு 1991ல் முதல் கச்சேரி செய்தது 'போர்டுவாக்' என்ற சிறு கிளப்பில். அந்தக் கிளப் 1999ல் மூடப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஓயாசிஸ் மீண்டும் சேர்ந்து பாடப் போவதாக அறிவித்து டிக்கெட் விற்றார்கள். சுமார் 150 பவுன் என்று சொன்ன நிற்கும் டிக்கெட், ஜனங்கள் மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்த பிறகு 355 பவுன் ஆயிற்று! கிராக்கி ஏறினால் விலையும் தானே ஏறுமாம். பஞ்ச காலத்தில் நெல்லைப் பதுக்கிய வியாபாரியும் இதே நியாயத்தைத்தான் சொன்னான்.

இந்த வியாபாரத்தின் உச்சியில் இருப்பது ஒரு ஏகபோகம். லைவ் நேஷன், டிக்கெட் மாஸ்டர் என்ற இரு கம்பெனிகள் 2010ல் ஒன்றாயின. கச்சேரி நடத்துவதும் அவர்கள், டிக்கெட் விற்பதும் அவர்கள், பல அரங்குகளை வைத்திருப்பதும் அவர்கள். அமெரிக்க சர்க்காரே 2024 மே மாதம் இதை ஏகபோகம் என்று சொல்லி வழக்குத் தொடுத்தது.

சிறு அரங்குகளின் கதி என்ன? அவற்றுக்காக 2014ல் தோன்றிய 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' என்ற ஸ்தாபனம் கணக்கு வைத்திருக்கிறது. 2023ல் மட்டும் பிரிட்டனில் 125 சிறு அரங்குகளில் கச்சேரி நின்றுபோயிற்று. 2024ல் அரங்குகளில் நூற்றுக்கு 43.8 நஷ்டத்தில் ஓடின. எல்லா அரங்குகளையும் சேர்த்துப் பார்த்தால், நூறு பவுன் வரவில் அரைப் பவுன்கூட மிஞ்சவில்லை.

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால் இல்லாமல் நடவு ஏது? நடவு இல்லாமல் அறுவடை ஏது? பெரிய அரங்கின் முதலாளி அறுவடைக்கு மட்டும் வருகிறான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடும் செலவு அவனுக்குச் சம்பந்தமில்லையாம்!

கூட்டுறவுப் பெயரில் ஒரு மாளிகை

2024ல் மான்செஸ்டரில் 'கோ-ஆப் லைவ்' என்ற மாபெரும் அரங்கு திறக்கப்பட்டது. கொள்ளளவு 23,500 பேர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்ற ஊரில், 1844ல் நெசவாளிகள் உள்ளிட்ட சாமானியர்கள் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அந்த இயக்கத்தின் வழிவந்த ஸ்தாபனம் தன் பெயரை இந்த அரங்குக்கு வைத்துக்கொள்ளப் பணம் கொடுத்திருக்கிறது. பெயர்தான் கூட்டுறவு. கட்டியவர்கள் ஒரு அமெரிக்கக் கம்பெனியும், கால்பந்துக் குழுக்களை வைத்திருக்கும் ஒரு கம்பெனியும்.

பெரிய அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுன் எடுத்துச் சிறு அரங்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இந்த மாளிகையின் மேலாளர், சில சிறு அரங்குகள் சரியாக நடத்தப்படவில்லை என்று பதில் சொன்னார். சொன்ன சில நாட்களில் என்ன நடந்தது? அவருடைய மாளிகையே குறித்த நாளில் திறக்க முடியாமல் தவித்தது. அவர் ராஜினாமா செய்தார். பிறகு காற்றோட்டக் கருவியின் ஒரு பகுதி கீழே விழுந்து மற்றொரு கச்சேரியும் ரத்தாயிற்று. கடைசியில் 2024 மே 14ந் தேதி அரங்கைத் திறந்து பாடிய குழு எது? 'எல்போ'. மான்செஸ்டரின் சிறு மேடைகளில் பாடிப் பாடி வளர்ந்த குழு! சரியாக நடத்தப்படாத இடங்கள்தான் அவருக்குப் பாடகர்களைத் தயார் செய்து கொடுத்தன.

தூக்கமும் வேண்டும், பாட்டும் வேண்டும்

ஓல்டாம் தெருவில் 'நைட் அண்ட் டே' என்ற அரங்கு 1991லிருந்து இருக்கிறது. பக்கத்தில் வீடுகள் வந்தன. குடிவந்தவர் இரைச்சல் என்று முறையிட்டார். 2021 நவம்பரில் நகரசபை நோட்டீஸ் கொடுத்தது. வழக்கு இழுத்தது. 2024 மே மாதம், பின்னிரவு நிகழ்ச்சிகளின் ஒலியைக் குறைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இதில் குடியிருப்பவரைத் திட்டுவது நமது வேலையல்ல. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவனுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும். அரங்குக்குப் பக்கத்தில் வீடு கட்டி விற்பவன்தானே சத்தம் புகாதபடி சுவரை எழுப்ப வேண்டும்? புதிதாக வந்து கட்டுபவரே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2018ல் இங்கிலாந்தின் திட்ட விதிகளிலும் எழுதப்பட்டது. விதியைக் காகிதத்தில் வைத்துவிட்டு, குடியிருப்பவனையும் பாடுபவனையும் மோதவிட்டால், கட்டி விற்றவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

'ஹசியெண்டா' என்ற புகழ்பெற்ற அரங்கின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1982ல் திறந்து 1997ல் மூடப்பட்டது. கட்டிடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் அடுக்கு வீடுகள் கட்டி, அதே பெயரை வைத்து விற்றார்கள். பாட்டைத் துரத்திவிட்டுப் பாட்டின் பெயருக்கு விலை!

இனாம் அல்ல, உரிமை

சில குழுக்கள் தாமாகவே முன்வந்தன. 'என்டர் ஷிகாரி' 2024ல் டிக்கெட்டுக்கு ஒரு பவுன் ஒதுக்கியது. 'கோல்ட்பிளே' 2025ல் பிரிட்டனில் நடத்திய கச்சேரிகளின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாக அறிவித்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் 2024 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் என்ன சொல்லிற்று? இந்த ஒரு பவுனைக் கம்பெனிகள் தாமாக விரும்பிக் கொடுக்கட்டும் என்றது. போனசையும் பிராவிடண்ட் நிதியையும் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தர்மமாகக் கொடுப்பது கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுபோகும். சட்டமாக இருந்தால்தான் நிலைக்கும்.

சட்டம் வரட்டும் என்று ஜனங்கள் கைகட்டி இருக்கவும் இல்லை. மான்செஸ்டர் வட்டாரத்தில் ஏதர்டன் என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையும் வாழ்ந்து மறைந்த ஊர். அங்கே 'ஸ்னக்' என்று ஒரு சின்னஞ்சிறு அரங்கு. ஆயிரம் பேருக்கு மேல் பங்குப் பணம் போட்டு உண்டாக்கிய ஒரு சங்கம் 2023ல் அந்தக் கட்டிடத்தை வாங்கியது. இனி வாடகையை ஏற்றி விரட்ட ஒரு கட்டிடச் சொந்தக்காரன் இல்லை. இன்னும் வடக்கே ஹெப்டன் பிரிட்ஜ் என்ற நெசவு ஊரில், தொழிற்சங்கங்கள் சேர்ந்து 1924ல் கட்டிய 'டிரேட்ஸ் கிளப்', பின்னாளில் நாடறிந்த பாட்டு மேடையாக விளங்கியது.

இதில் நமக்குப் பாடம் இல்லையா? நம் ஊரில் கூத்துக் கட்ட இடம் யாருடையது? களம் பண்ணையாருடையது என்றால், எந்தப் பாட்டைப் பாடலாம் என்பதையும் அவரே சொல்லுவார். இடம் நம்முடையதானால் பாட்டும் நம்முடையது. சம்பளத்துக்கும் கூலிக்கும் போராடுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள், மிச்சமுள்ள நேரம் தூங்குவதற்கு மட்டும் என்று கேட்கவில்லை.

ஆகவே நாம் சொல்லுகிறோம்: மான்செஸ்டரின் அந்த ஒரு பவுன் சட்டமாக வேண்டும். சிறு அரங்குகளின் கட்டிடங்கள் அங்கே பாடுகிறவர்கள், கேட்கிறவர்கள் கைக்கு வரவேண்டும். நமது சங்கக் கட்டிடங்களில் ஒரு மேடை போடுவோம். மாதம் ஒரு நாள் சாயங்காலம் அதை நம் பிள்ளைகளுக்கு விடுவோம். நாற்பது பேர் வந்தாலும் போதும். 1976ல் அங்கே அவ்வளவு பேர்தான் வந்தார்கள்.