தானே எழுந்து பாடும் பெட்டி

ஹிஞ்சேவாடியில் நம்மவர் இல்லங்களிற் பகலெல்லாம் தனித்திருப்போர் முதியோரே. என் அன்னையாரின் துணைக்காகப் பழைய கணினியொன்றில் லினக்ஸ் அமைத்து, எம்.பி.டி. என்னும் இசைச் சேவையகத்தில் தமிழ்ப் பாடல்களைச் சேர்த்து வைத்தேன். ஒருநாள் மின்சாரம் நின்று மீண்டது. அன்னையார் பொத்தானை அழுத்தினார். கணினி எழுந்தது, பாட்டு எழவில்லை. நான் ரயில்வே அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை வீடு மௌனமாகவே இருந்தது.

பிழை என்னுடையதே. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ‘ஸ்டார்ட்’ என்ற கட்டளையை மட்டும் இட்டிருந்தேன். அஃது அப்போதைக்கே செல்லும். ‘எனேபிள்’ என்றும் இட்டால்தான், கணினி எழும்போதெல்லாம், எவரும் கடவுச்சொல் இடாமலே சேவை தொடங்கும். முன்னது ஒருநாள் சிறப்பு ரயில். பின்னது கால அட்டவணையில் ஏறிய ரயில். விட்ட பாட்டைத் தொடர, அமைப்புக் கோப்பில் ‘ஸ்டேட் பைல்’ வரியும் வேண்டும்.

அன்பர்களே, அமைத்தபின் ஒருமுறை அணைத்து ஏற்றிச் சோதியுங்கள். நாம் இல்லாத வேளையிலும் பாடுவதன்றோ துணை!