பார்த்ததற்கும் கூலி உண்டு

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் 'பி0420' என்று காட்டுகிறது. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிருச்சு சார்" என்று உடனே எஸ்டிமேட் நீட்டப்படுகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த பொருள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். கோவையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த அவசரத்தைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகக் காரின் கணினிக்குப் படுகிறது, அவ்வளவுதான் அந்தக் கோடு. ஏன் குறைந்தது என்று தேட வேண்டியவர்கள் நாங்கள்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. சாதாரண வகை சென்சார் உள்ள பெட்ரோல் கார்களில், இன்ஜின் சூடானதும் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துச் செலவழிப்பதால் வரும் நிதானம் அது. பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் புகைக்குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். விரிசல் வழியே வெளிக்காற்று புகுந்தால் சென்சார் ஏமாந்துபோகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் நின்றுபோகும் சத்தத்தை லேசில் விடக் கூடாது.

கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. இக்னிஷன் காயில் பழுதாகி மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் செராமிக்கை உருக்கிவிடும். இன்ஜின் ஆயில் குடித்தாலும் கெடும். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே வழிதான்.

இதையெல்லாம் பார்க்க நேரம் பிடிக்கும். ஆனால், "பார்த்ததுக்கா காசு?" என்கிறார் வாடிக்கையாளர். பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் கடைக்காரர் எதைச் செய்வார்? இதில் எங்கள் தொழிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதைவிடக் கேடான வேலை ஒன்றும் நடக்கிறது. உள்ளிருக்கும் செராமிக்கை உடைத்துக் கொட்டிவிட்டு, பின் சென்சாரை ஓர் இடைத்துண்டு வைத்துத் தள்ளிப் பூட்டிவிடுவது. விளக்கு அணைந்துவிடும், விஷப்புகை தெருவுக்கு வரும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-லேயே கன்வெர்ட்டர் கட்டாயமானது. பி.எஸ்.4 முதலான பெட்ரோல் கார்கள், ஐடிலிங்கில் 0.3 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது என்பது புகைச் சோதனை விதி. குழாய்க்குள் கருவியைச் செருகி ஒழுங்காக அளந்தால் இந்தத் தில்லுமுல்லு பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. அரசு அதையும் யோசிக்கட்டும்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கு எரிந்தால், இரண்டு சென்சார்களின் வோல்ட் ஏற்ற இறக்கத்தையும் ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டுபவருக்கு, பாகம் எதையும் மாற்றாவிட்டாலும், பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.