காவலாளிக்குச் சம்பளம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை



"சார், எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். அலுவலகக் கணினி வேறு. அங்கே நிர்வாகம் சொல்வதைக் கேளுங்கள்.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றை வாங்கிப் போட்டால் இது ஒதுங்கிக்கொள்ளும். வீட்டுக் காவலாளியை உட்காரவைத்துவிட்டு வெளியாளுக்குச் சம்பளம் கொடுக்கிற கதைதான்.

அந்த வெளியாளாவது யோக்கியமா? நாம் எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறோம் என்ற விவரத்தை அவாஸ்ட் தன் துணை நிறுவனம் மூலம் விற்றது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்துக் கணினிகளை முடக்கியது. நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக், 2024 ஜூலை 19 அன்று அனுப்பிய தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்தன. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது?

"அப்படியானால் வைரஸை எது தடுக்கும்?" என்பீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகையே ஆட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அப்போது புழக்கத்தில் ஆதரவோடு இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. உடனே போட்டவர் தப்பித்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்றவர் மாட்டினார்.

ஆகவே, இதோ வீட்டுப்பாடம்:

1. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் எதையாவது அழுத்தினாலும் சேதம் குறையும்.

3. திருட்டு மென்பொருளைத் தொடாதீர்கள். ஓசியில் வருவது தனியாக வராது.

4. குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது.

5. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்களே வாசித்துக் காட்டினால் எந்த ஆன்டிவைரஸாலும் தடுக்க முடியாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை "புதுப்பிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தினால், அந்தப் பணத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் போலவே இங்கும் கேள்விக்குத் தடையில்லை.