மன்னார்க் கோட்டையும் இராசப்பிரதிநிதியின் சகோதரனும்

தாம்போதியைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைகிறவர்களை எதிர்கொள்வது அந்தப் பழைய கோட்டை. இன்று நிற்பது பெரும்பாலும் ஒல்லாந்தரின் கட்டுமானம். எனினும் 1560இல் அங்கே முதலில் காலூன்றியவர்கள் போர்த்துக்கேயர். "வெள்ளைக்காரன் தகுதி பார்த்தான், நம்மவர்கள் உறவு பார்த்தார்கள், அதனாலேயே தோற்றோம்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கோட்டைக்கு வந்துபோன ஒரு தளபதியை நினைத்துக்கொள்வேன்.

அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சா நமக்கு வேண்டியவர் அல்லர். 1591இல் இக்கடற்பரப்பில் குஞ்ஞாலி மரைக்காயரின் கப்பல்களை முறியடித்து, மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்தின் மீது படை நடத்தி, மன்னன் புவிராச பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் திறை செலுத்தும் அரசனாக அமர்த்தியவர் அவரே. யாழ்ப்பாணத்தின் சுதந்திரம் அன்றே போயிற்று. 1619இல் நடந்தது வெறும் சடங்கு என்பது என் கருத்து. ஆயினும் அவர் தேர்ந்த கடற்தளபதி என்பதை மறுக்க இயலாது.

1597இல் வஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா கோவாவில் இராசப்பிரதிநிதியானார். மலபார்க் கரையில் குஞ்ஞாலியின் கோட்டையைப் பிடிக்கவேண்டிய வேளை வந்தது. குஞ்ஞாலியின் கப்பல்களை வென்ற தளபதி இருக்க, படைத்தலைமை போனது இராசப்பிரதிநிதியின் உடன்பிறந்த சகோதரர் லூயிஸ் ட காமாவிடம். 1599இல் தாக்குதல் குழம்பியது. சமிக்ஞை பிசகி, ஒரு பிரிவு முந்த, மறு பிரிவு பிந்த, கடலிலும் கரையிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்தச் சிப்பாய்கள் யாருக்கும் சகோதரர் அல்லர் போலும்.

மறு ஆண்டு பூர்த்தாடோவை அனுப்பினார்கள். 1600இல் கோட்டை விழுந்தது. (பதவி முடிந்து இராசப்பிரதிநிதி புறப்பட்ட வேளையில், அவர் நிறுவியிருந்த கொள்ளுப்பாட்டனாரின் சிலையைக் கோவாவில் உடைத்தெறிந்தார்கள்.)

எதிரணியிலும் இதே கதைதான். தலைமுறைகளாகத் தன் கடலைக் காத்த மரைக்காயர் குடும்பத்தின் மீது கசப்புற்ற சாமூதிரி, போர்த்துக்கேயரோடு கைகோத்தார். உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்த குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்ச் சிரச்சேதம் செய்தார்கள். அந்த வாக்குறுதி மீறப்பட்டதில் பூர்த்தாடோவுக்கும் பங்குண்டு. திறமை ஒருவரை நல்லவராக்கிவிடுவதில்லை.

1606இல் ஒல்லாந்தரின் முற்றுகையிலிருந்து மலாக்காவைக் காத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகும் லிஸ்பன் அரசவை இராசப்பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தது ஒரு பிரபுவை. அந்தப் பிரபு 1608இல் வரும் வழியிலேயே இறந்ததனால்தான், 1609இல் பூர்த்தாடோ கோவாவின் ஆளுநரானார். ஏறத்தாழ மூன்று மாதங்கள். லிஸ்பனிலிருந்து இன்னொரு பிரபு வந்திறங்கினார். கப்பலேறிய பூர்த்தாடோ ஊர் போய்ச் சேரவில்லை, கடலிலேயே மாண்டார்.