அத்துமீறலுக்குப் பதில் வெறும் ரசீதா?



ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்கி, புதிதாகக் கல்கால் ஊன்றி, 'இந்த இடம் இன்னாருக்குச் சொந்தம்' என்று போர்டும் மாட்டிவிடுகிறார்கள். விடிந்ததும் காவல் நிலையத்துக்கு ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்ற பதிலும், மிஞ்சினால் புகார் வந்தது என்பதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும்தான். எடுத்த எடுப்பில் இப்படித் தட்டிக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 441-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவும் பார்ப்பது பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அல்ல, இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதைத்தான். பிறர் அனுபவத்தில் உள்ள இடத்தில் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நுழைந்தால் 3 மாதம் வரை சிறை. வீடாக இருந்தால் ஓராண்டு வரை. இரண்டிலுமே போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இத்தகைய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

உரிமையாளர் யார் என்று தீர்மானிப்பது போலீஸ் வேலை இல்லை என்பார்கள். சரிதான், அதை யாரும் கேட்கவில்லையே! போன மாதம்வரை அங்கே பயிர் வைத்தது யார், பம்புசெட் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அடங்கலில் என்ன இருக்கிறது என்று விசாரித்தால் போதும். பங்காளித் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசுகிறவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கான தடுப்பு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது: கெட்ட எண்ணத்தோடு நுழைந்தார் என்று நிரூபிக்காமல் தண்டிக்க முடியாது, தனக்கு உரிமை உண்டென்று உண்மையாகவே நம்பி நுழைந்தவர் தப்பிவிடுவார். அதுவும்கூட விசாரித்த பிறகு தெரியவேண்டியது, பதிவு செய்ய மறுப்பதற்கான காரணம் அல்ல.

கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்கிறவர்கள் காலக்கெடுவைப் பற்றி வாயே திறப்பதில்லை. அமைதி கெடும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-ஆவது பிரிவின்படி கோட்டாட்சியர் தலையிடலாம். அந்த அறிக்கை வருவதற்கு முந்தைய 2 மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை அனுபவத்தில் இருந்தவராகவே கருதலாம். தனி நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவிலோ, உரிமை மூலத்தை நிரூபிக்காமலே இடத்தை மீட்க வழக்குத் தொடுக்கலாம், ஆனால் 6 மாதத்துக்குள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 'அடுத்த வாரம் வாங்க' என்று அலைக்கழிக்கப்படுகிறவருக்கு முதலில் அந்த 2 மாதம் போகிறது, பிறகு 6 மாதமும் போகிறது. அதன்பின் மிஞ்சுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உரிமை வழக்குதான். பிடுங்கியவன் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அத்துமீறல் புகாரை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அமைதி கெடும் நிலை இருந்தால் அன்றே கோட்டாட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று காவல்துறைத் தலைமை எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதுவரை, மறுக்கப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி புகாரைத் தபாலிலேயே எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

தங்கள் வாசகர்,
மதுரை