இலவசப் பாடம்: விலை கொடுப்பது யார்?

குக்கீ என்றால் பிஸ்கோத்து என்று நமக்குத் தெரியும். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஒரு குக்கீ வருகிறது. அதைத் தின்ன முடியாது. ஆனால், அது ஆளை அடையாளம் காட்டிவிடும்!

அது என்ன?

சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதில் இருப்பது வெறும் எண்தான். திரும்பி வந்து அதைக் காட்டினால், நம் சைக்கிளை எடுத்துக் கொடுப்பார்கள்.

குக்கீயும் அப்படித்தான். பாடம் நடத்தும் இணையதளம் ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறது. இணையதளத்தைத் திறந்து காட்டும் பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. மறுபடி அங்கே போகும்போது அதைக் காட்டுகிறது. "இவர் நேற்று வந்த மாணவர்தான்" என்று தளம் தெரிந்துகொள்கிறது. 1994-ம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி என்பவர் கண்டுபிடித்த முறை இது.

இதனால் நன்மை உண்டு. இது இல்லாவிட்டால், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்பார்கள். பையன் பாடம் படித்த மாதிரிதான்!

கெடுதல் எங்கே?

பாடம் நடத்தும் தளம், விளம்பரக் கம்பெனிக்கும் தன் பக்கத்தில் இடம் கொடுக்கலாம். அந்தக் கம்பெனி தனியாக ஒரு டோக்கன் வைக்கும். அதே கம்பெனி வேறு பல தளங்களிலும் இருக்கும். பிள்ளை எங்கே போனாலும் அதே டோக்கனைப் பார்க்கும். எதைப் பார்த்தான், எதை விரும்பினான் என்று கணக்கு எழுதிக்கொள்ளும். சில பிரவுசர்கள் இதைத் தாமே தடுக்கின்றன. எல்லாம் தடுப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்தது

எட்மோடோ என்ற தளத்தை அமெரிக்க ஆசிரியர்கள் வகுப்புக்குப் பயன்படுத்தினார்கள். இலவசமாகவும் கிடைத்தது. 2020-ல் 13 வயதுக்கு உட்பட்ட சுமார் 6 லட்சம் மாணவர்கள் அதில் இருந்தனர்.

பெற்றோரின் முறையான சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டியது, அவர்களை அடையாளம் காட்டும் குறிகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்று அந்நாட்டு வர்த்தக கமிஷன் 2023 மே மாதம் குற்றம் சாட்டியது. சம்மதம் வாங்கும் பொறுப்பைக் கம்பெனி பள்ளிக்கூடங்களின் தலையில் கட்டிவிட்டதாம்!

அபராதம் 60 லட்சம் டாலர். ஆனால், கட்டப் பணம் இல்லை என்று அது நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில், கம்பெனி அமெரிக்காவில் கடையைக் கட்டிவிட்டது.

ஆசிரியர் "இதில் சேருங்கள்" என்றால், எந்தத் தாய் மறுப்பாள்? வகுப்பை விட்டுப் பிள்ளையை நிறுத்த முடியுமா? ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில்

2023-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இதைப் படிப்படியாக அமல் நடத்தும் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கல்விக்கூடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆகையால் வீட்டிலும் கவனம் வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை:

குக்கீக்குச் சம்மதமா என்று தளம் கேட்டால், "எல்லாம் சம்மதம்" என்று உடனே அமுக்காதீர்கள். "அவசியமானவை மட்டும்" என்று இருந்தால் அதை அமுக்குங்கள்.

பிரவுசரின் அமைப்புப் பகுதியில் பழைய குக்கீகளை அழிக்கலாம். மறுபடி பெயரும் ரகசியச் சொல்லும் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் ஒரு தளத்தைச் சொன்னால், "அதில் விளம்பரம் உண்டா? பிள்ளையின் விவரம் யாருக்குப் போகிறது?" என்று கேளுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்கத் தயங்காத நாம், கட்டணம் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டாமா?